பூட்டு டேப்லெட்டுக்குள் இல்லை

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு இரவு. சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றிலிருந்து கல்வி அமைச்சுக்கு ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கின. மாணவர்களின் ஐபேடுகளிலும் குரோம்புக்குகளிலும் செயலிகளைக் காணவில்லை. எழுதிச் சேமித்த பாடக் குறிப்புகளையும் காணவில்லை. கணக்கெடுத்தபோது 26 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகள் காலியாகியிருந்தன. அந்தக் கருவிகளை யாரும் தொடவில்லை. அவற்றை நிர்வகிப்பதற்காக அமைச்சு அமர்த்தியிருந்த ‘மொபைல் கார்டியன்’ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் அமைப்புக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். உள்ளே இருந்தபடியே கருவிகளின் பதிவை நீக்கி, அவற்றை அழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கருவிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. மறுநாளே அமைச்சு எல்லா மாணவர் கருவிகளிலிருந்தும் அந்த மென்பொருளை எடுத்துவிடுவதாக அறிவித்தது.

இதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது நேர் எதிரான கதை. அந்த நகரின் பள்ளி மாவட்டம் மாணவர்கள் அனைவருக்கும் ஐபேட் தருவது என்று முடிவெடுத்து, ஏறத்தாழ 100 கோடி டாலர் விழுங்கக்கூடிய திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 2013 செப்டம்பரில், ஐபேட் கைக்கு வந்த சூட்டோடு, ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியில் சுமார் 300 மாணவர்கள் அதிலிருந்த கட்டுப்பாட்டைக் கழற்றிப் போட்டார்கள். அப்புறம் என்ன, ஃபேஸ்புக், யூடியூப், பாட்டு. பத்திரிகைகள் ‘ஹேக்கிங்’ என்று தலைப்புப் போட்டன. பிள்ளைகள் செய்தது அவ்வளவு பெரிய காரியமில்லை. செட்டிங்ஸைத் திறந்தார்கள், அங்கே பள்ளியின் பெயரில் இருந்த ப்ரொஃபைலை டெலிட் செய்தார்கள், அவ்வளவுதான். ஐபேடை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. டெண்டர் விவகாரம் உட்பட வேறு சிக்கல்களும் சேர்ந்துகொண்டு, அடுத்த ஆண்டே ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது.

ஓரிடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டு தட்டலில் கழற்றிய கட்டுப்பாடு, இன்று அதே வகை ஐபேடை முழுதாக அழித்துப் புதிதாக ஏற்றினாலும் போகாமல் திரும்ப வந்து நிற்கிறது. அலுவலகத்தில் கொடுத்த டேப்லெட்டை வேலையை விட்ட பிறகும் வைத்திருப்பவர்களும், பழைய ஐபேடை மலிவாக வாங்கி மாட்டிக்கொண்டவர்களும் இணையத்தில் தேடித் தேடி அலுத்துப்போவது இதற்கு விடை கேட்டுத்தான். நடுவில் மாறியது என்ன?

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருப்பது, ஐ.டி. ஆட்கள் எம்.டி.எம். (மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட்) என்று மூன்றெழுத்தில் சொல்லும் ஏற்பாடு. ஆயிரக்கணக்கான போன்களையும் டேப்லெட்டுகளையும் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு சிலர் நிர்வகிப்பதற்கானது. ஐபேடுக்கு 2010-இல் ஐஓஎஸ் 4 காலத்தில் வந்தது. பலரும் நினைப்பதுபோல இது வெளியிலிருந்து நுழைக்கப்படும் உளவு மென்பொருள் அல்ல. கட்டளைகளைக் கேட்டு நடக்கும் பகுதி இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. கடையில் புதிதாக வாங்கும் ஐபேடிலும் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. ஜாம்ஃப், மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன், மொபைல் கார்டியன் போன்றவை வெளியிலிருந்து அதனோடு பேசும் சர்வர்கள். யாருடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் பிறகு எழுதப்படுகிறது.

எழுதப்படும் இடம் ப்ரொஃபைல். சில கிலோபைட் அளவுள்ள எக்ஸ்.எம்.எல். கோப்பு அது. சாதாரண எடிட்டரில் திறந்தாலே படித்துவிடலாம்: கேமரா கூடாது, ஆப் ஸ்டோர் கூடாது, பாஸ்கோடு இத்தனை இலக்கத்துக்குக் குறையக் கூடாது, பள்ளி வைஃபையின் பெயர் இது, கடவுச்சொல் இது. எம்.டி.எம். ப்ரொஃபைலில் கூடுதலாகச் சர்வரின் முகவரியும், ‘நான் இன்ன கருவிதான்’ என்று டேப்லெட் நிரூபிப்பதற்கான சான்றிதழும் இருக்கும். இந்தக் கோப்பை எடுத்துவிட்டால் இதன் வழியாக வந்த எல்லாமே கூடவே போய்விடும். பள்ளி கொடுத்த செயலிகள், அலுவலக மின்னஞ்சல், வைஃபை எல்லாம் போகும். அந்த இழப்புக்குப் பயந்து யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதுதான் தொடக்க காலத்துக் கணக்கு. அலுவலக மின்னஞ்சல் போய்விடுமே என்று ஒரு மேலாளர் கவலைப்படுவார். பள்ளி மின்னஞ்சல் போய்விடுமே என்று பதினைந்து வயதுப் பிள்ளை கவலைப்படுமா?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டளை போய்ச் சேரும் விதம். சர்வரால் டேப்லெட்டை நேரே கூப்பிட முடியாது. டேப்லெட் வீட்டு வைஃபையில் இருக்கும், அரை மணி கழித்துப் பேருந்தில் அப்பாவின் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும். அதன் இணைய முகவரி மாறிக்கொண்டே போகும். ஆனால் ஒவ்வொரு ஐபேடும் ஆப்பிளின் புஷ் சர்வரோடு ஒரு மெல்லிய இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. செய்தி வந்ததும் நோட்டிஃபிகேஷன் ஒலிப்பது இதன் வழியாகத்தான். எம்.டி.எம். சர்வர் ஆப்பிளிடம் போய் இன்ன கருவியை எழுப்பு என்கிறது. ஆப்பிள் அனுப்பும் செய்தியில் கட்டளை ஏதும் கிடையாது, அந்தக் கருவிக்கென்று முன்பே பேசிவைத்த ஓர் அடையாளச் சரம் மட்டும் இருக்கும். எழுந்த டேப்லெட் தானாகவே சர்வரைத் தேடிப் போகிறது. வேலை இருக்கிறதா என்று கேட்கிறது. வரிசையில் முதலில் நிற்கும் கட்டளையைச் சர்வர் கொடுக்கிறது: இந்தச் செயலியை ஏற்று. டேப்லெட் ஏற்றிவிட்டு வந்து, முடிந்தது, அடுத்தது என்ன என்கிறது. வரிசை தீரும்வரை இப்படியே போகும். எல்லாவற்றையும் அழித்துவிடு என்பதும் இதே வரிசையில் நிற்கும் இன்னொரு கட்டளைதான்.

கட்டளை கொடுத்தது உண்மையான நிர்வாகியா, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட திருடனா என்று பிரித்துப் பார்க்க டேப்லெட்டிடம் வழியில்லை. சான்றிதழ் சரி, முகவரி சரி, கட்டளை சரி. சிங்கப்பூரில் ஒவ்வொரு கருவியும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. அதனால்தான் 13,000 பேருடைய குறிப்புகள் போயின.

இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. புஷ் செய்தி அனுப்ப நிறுவனத்துக்கு ஆப்பிள் கொடுக்கும் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆண்டுதோறும், முதலில் வாங்கிய அதே ஆப்பிள் கணக்கில் நுழைந்து புதுப்பிக்க வேண்டும். அந்தக் கணக்கை ஐ.டி. பிரிவில் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிவிட்டு, பிறகு வேலையை விட்டும் போய்விட்டால் தீர்ந்தது கதை. வேறு கணக்கில் புதுச் சான்றிதழ் வாங்கினால் பழைய கருவிகள் அதை மதிக்காது. ஒவ்வொன்றையும் திரும்பச் சேர்க்க வேண்டும். பெரிய பெரிய அலுவலகங்களில் கூட ஐ.டி. ஆட்கள் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கும் தேதி அது.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வருவோம். அன்று அங்கே இல்லாத பொருள்கள் இரண்டு. ஒன்று, ‘சூப்பர்வைஸ்டு’ என்ற நிலை. இந்த ஐபேட் தனிமனிதருடையதல்ல, நிறுவனத்துடையது என்று தொடக்கத்திலேயே இயங்குதளத்துக்குச் சொல்லிவிடுவது அது. அப்படிச் சொன்னால் கட்டுப்பாட்டின் ஆழம் கூடும். 2012-இல் வந்த ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் மென்பொருளால் இதைச் செய்ய முடியும். ஆனால் ஒவ்வொரு ஐபேடையும் மேக் கணினியில் கேபிள் போட்டு இணைத்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் பெட்டிகள் வந்து இறங்கும்போது அது நடக்கிற காரியமா? மற்றொன்று, 2014-இல் பரவலாக அறிமுகமான கருவிப் பதிவுத் திட்டம். இன்று ஆப்பிள் ஸ்கூல் மேனேஜர், ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் என்ற பெயர்களில் இருக்கிறது. ஒரு பள்ளி ஆப்பிளிடமோ அங்கீகரித்த விற்பனையாளரிடமோ 500 ஐபேட் வாங்கினால், அந்த 500 சீரியல் நம்பர்களும் பள்ளியின் பெயரில் ஆப்பிளின் பதிவேட்டில் ஏறிவிடும். பெட்டியைப் பிரிக்கக்கூட வேண்டாம்.

லோன் போட்டு பைக் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். வண்டி நம் வீட்டு வாசலில் நிற்கும், சாவி நம் பையில் இருக்கும், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாம், இன்ஜினைப் பிரித்துப் போடலாம்; அந்தப் பெயர் அசையாது. கம்பெனியிடம் என்.ஓ.சி. வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால்தான் போகும். ஃபேக்டரி ரீசெட் என்பது பெயின்ட் அடிப்பது போலத்தான்.

ரீசெட் ஆன ஐபேடில் நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஹலோ திரை வருகிறது. மொழி கேட்கிறது, நாடு கேட்கிறது, வைஃபை கேட்கிறது. இதுவரை சாதுவாக இருக்கும். வைஃபை கிடைத்ததும் ஐபேட் தன் சீரியல் நம்பரையும், சிப்பில் பதிந்த தன் அடையாளங்களையும் எடுத்துக்கொண்டு ஆப்பிளின் ஆக்டிவேஷன் சர்வருக்குப் போகிறது. இந்தப் பயணத்தைத் தவிர்க்கவே முடியாது. ஆக்டிவேஷன் இல்லாமல் ஐபேட் வேலையே செய்யாது. சர்வர் பதிவேட்டைப் பார்க்கிறது. அங்கே நிறுவனத்தின் பெயர் இருந்தால் பதிலோடு ஒரு சின்னக் குறிப்பும் வரும்: நிறுவனம் இது, எம்.டி.எம். சர்வர் முகவரி இது, பயனர் இதை நீக்கலாமா கூடாதா, தொடக்கத் திரைகளில் எவற்றைக் காட்ட வேண்டாம். அடுத்த நொடி ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்ற தலைப்பில் திரை. இந்த ஐபேடை இன்ன நிறுவனம் தானாக அமைக்கும் என்று அதில் எழுதியிருக்கும். தொடர்வதைத் தவிர வேறு வழி கிடையாது. ஐபேடுக்குள் தேடிப் பார்த்தால் பழைய ப்ரொஃபைலின் சுவடுகூட இருக்காது. அது உண்மையிலேயே அழிந்துவிட்டது. புதிதாக ஒன்று இப்போதுதான் வந்து இறங்குகிறது.

மற்ற நிறுவனங்களும் இதே பாதைக்கு வந்து சேர்ந்தன. ஆண்ட்ராய்டில் 2014-இல் லாலிபாப் பதிப்போடு ‘டிவைஸ் ஓனர்’ நிலை வந்தது. பிந்தைய பதிப்புகளில், புதுக் கருவியின் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூ.ஆர். கோடு படிக்கக் கேமரா திறக்கும். அதைக் காட்டிவிட்டால் டேப்லெட் நிறுவனத்தின் கைக்குப் போய்விடும். 2017-இல் அதுவும் வேண்டாமென்று, கருவியின் அடையாள எண்ணைப் பார்த்தே தானாகப் பதிவாகும் ‘ஸீரோ டச்’ வந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் கணினிகளுக்கு இதே போன்ற ஆட்டோபைலட்டைக் கொண்டுவந்தது. சாம்சங்குக்கு, நாக்ஸ் என்ற தன் பாதுகாப்பு அமைப்பில் தனிப் பதிவேடு இருக்கிறது.

பதிவேடு அவ்வளவு உறுதியானதா என்று சோதித்தவர்களும் உண்டு. 2018-இல் டுயோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆப்பிள் திட்டத்தில் ஒரு பலவீனத்தை வெளியிட்டார்கள். பதிவின் விவரங்களைக் கேட்டு வரும் கருவி யார் என்று உறுதிசெய்ய ஆப்பிள் நம்பியது சீரியல் நம்பரை மட்டுமே. அது ரகசியமே அல்ல. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும், அன்றைய நம்பர்கள் ஊகிக்கக்கூடிய ஒழுங்கில் வேறு இருந்தன. வேறொருவருடைய நம்பரைச் சொல்லி அந்த நிறுவனத்தின் விவரங்களை வாங்கிவிடலாம். சர்வர் வேறு அடையாளம் எதையும் கேட்காவிட்டால், போலிக் கருவியை உள்ளேயே சேர்த்துவிடலாம். பூட்டை உடைத்து வெளியேறுவதைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, இவர்கள் உள்ளே நுழையும் கதவைக் காட்டினார்கள்.

வெளியேற முயன்றவர்களின் கதை இன்னும் சுவையானது. ஐபேட் இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடுவது சிப்பிலேயே பொறித்த சிறு நிரல். தொழிற்சாலையில் எழுதியதோடு சரி, அப்புறம் ஆப்பிளே நினைத்தாலும் மாற்ற முடியாது. அது அடுத்த கட்ட மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும், அது அதற்கடுத்ததை. 2019 செப்டம்பரில் ‘செக்எம்8’ என்ற ஓட்டை வெளிவந்தது. ஏ5 முதல் ஏ11 வரையிலான சிப்களில் அந்த முதல் நிரலிலேயே பிழை. மாற்ற முடியாத இடத்தில் பிழை இருந்தால் திருத்தவும் முடியாது. அந்தத் தலைமுறைக் கருவிகளில் யு.எஸ்.பி. கேபிள் வழியாக இயங்குதளத்தின் காதைத் திருகி, ரிமோட் மேனேஜ்மென்ட் திரையைக் காட்டாமல் தாண்டவைக்க முடிந்தது. இன்றைய ஐபேடுகளில் இருப்பது அதற்குப் பிந்தைய சிப்கள், இந்த ஓட்டை அவற்றில் இல்லை.

குரோம்புக்கில் நடந்தது வேறு மாதிரி. கூகுள் கையொப்பமிட்டு, பழுதுபார்ப்பவர்களுக்கென்று தயாரித்த மென்பொருள் சில வெளியே கசிந்திருந்தன. 2023 ஜனவரியில், அவற்றில் கையொப்பம் காக்காத பகுதியை மாற்றி, பள்ளிக் குரோம்புக்கைப் பதிவிலிருந்து விடுவிக்கும் வழியை வெளியிட்டது ஒரு குழு. அமெரிக்கப் பள்ளிகளின் ஐ.டி. ஆட்களுக்குச் சில மாதம் தூக்கம் போனது. மெக்கானிக்குக்குக் கொடுத்த சாவியைத்தான் பிள்ளைகள் பயன்படுத்தினார்கள். பழுதுபார்க்க வழி வைத்தால் அதே வழியாக ஆள் வெளியேறுவான். வைக்காவிட்டால் பழுதான கருவி குப்பைக்குப் போகும். இந்த இழுபறிக்குச் சுத்தமான தீர்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சாம்சங் இதற்குப் பௌதிகத்தையே துணைக்கு அழைத்தது. நாக்ஸ் உள்ள சிப்பில் நுண்ணிய மின் ஃப்யூஸ் ஒன்று இருக்கிறது. அங்கீகாரமில்லாத மென்பொருளை ஏற்றினால் அது எரிந்துவிடும். எண் 0 என்பது 1 ஆகும், மறுபடி 0 ஆகாது. திரும்ப அசல் மென்பொருளையே ஏற்றினாலும், நாக்ஸின் பாதுகாப்பான பெட்டகமும் சாம்சங் பே-யும் அந்தக் கருவியில் இனி எப்போதும் ஓடாது.

‘எம்.டி.எம். பைபாஸ்’ என்று பணம் வாங்கிக்கொண்டு செய்துதரும் கடைகளும் மென்பொருள்களும் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை செய்வது, தொடக்கத்தில் வரும் அந்தத் திரையை ஐபேட் தாண்டிப்போகும்படி செய்வதுதான். பதிவேட்டை அவை தொடவில்லை, தொடவும் முடியாது. ஐபேட் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடும். ஒருநாள் அழித்து ஏற்ற வேண்டி வந்ததும் பழைய நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து நிற்கும். அதுவரை அப்டேட் போடவும் பயம், ரீசெட் செய்யவும் பயம். கொடுத்த காசுக்கு இது மோசமான பேரம் என்பது என் கருத்து. திருடிய கருவியாக இருந்தால் அது வேறு வழக்கு.

முறையாக நீக்குவதற்கு இருக்கும் வழி சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. செட்டிங்ஸின் உச்சியிலேயே, இந்த ஐபேட் இன்னாரால் நிர்வகிக்கப்படுகிறது என்று ஒரு வரி இருக்கும். ஜெனரல் பகுதிக்குள் ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ என்பதைத் திறந்தால் ப்ரொஃபைல் தெரியும். அங்கே நீக்கும் பொத்தான் இருந்தால், நிறுவனம் அதற்கு அனுமதித்திருக்கிறது என்று பொருள். நீக்கலாம். பொத்தான் இல்லையென்றால் சாவி நிறுவனத்திடம்தான். அவர்களுடைய ஐ.டி. ஆள் ஆப்பிள் ஸ்கூல் மேனேஜருக்கோ பிசினஸ் மேனேஜருக்கோ போய், சீரியல் நம்பரைத் தேடி, ‘விடுவி’ என்று கொடுக்க வேண்டும். எம்.டி.எம். சர்வரிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். பிறகு ஐபேடை ஒருமுறை அழித்து ஏற்றினால் ஹலோ திரைக்குப் பின் எந்தப் பெயரும் வராது. சில நிமிட வேலை.

இடையில் ஒரு சலுகையும் இருக்கிறது. ஆப்பிளிடமோ அங்கீகரித்த கடையிலோ வாங்காத கருவியைக் கான்ஃபிகரேட்டர் மூலம் கையால் பதிவேட்டில் ஏற்றினால், முதல் 30 நாள் கருவியை வைத்திருப்பவரே அதை நீக்கிக்கொள்ளலாம். வேறொருவருடைய ஐபேடை ரகசியமாகத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் குறும்பைத் தடுக்கும் ஏற்பாடு அது.

பலர் நிறுவனக் கட்டுப்பாட்டையும் ஆக்டிவேஷன் லாக்கையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2013-இல் ஐஓஎஸ் 7 உடன் வந்த ஆக்டிவேஷன் லாக் தனிமனிதரின் ஆப்பிள் கணக்கோடு கட்டப்பட்டது, திருட்டுக்கு எதிரானது. வாங்கிய ரசீதைக் காட்டினால் அதைத் திறந்துதர ஆப்பிள் உதவும். நிறுவனக் கட்டுப்பாட்டுக்கு அப்படி ஒரு கவுன்ட்டர் இல்லை; அந்த நிறுவனத்தையே கேளுங்கள் என்றுதான் பதில் வரும். நிறுவனம் மூடப்பட்டிருந்தால்? கருவிகளை ஏலத்தில் விட்டுவிட்டு விடுவிக்க மறந்திருந்தால்? பதிவேட்டில் பெயர் அப்படியே கிடக்கும். பழைய பொருள் வியாபாரிகளிடம் குவியும் நல்ல ஐபேடுகள் உதிரிபாகத்துக்கு உடைக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சில ஆண்டுகள் சர்வரோடு தொடர்பே இல்லாத, உரிமையாளர் பதில் சொல்லாத கருவிகளை விடுவிக்க ஆப்பிளும் கூகுளும் ஒரு நடைமுறையை வைக்க வேண்டும். அவர்களால் முடியாததல்ல. மனம் இல்லை, அவ்வளவுதான்.

நீக்கியே ஆக வேண்டும் என்று துடிப்பவர்களில் பாதிப் பேரை விரட்டுவது, நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற பயம். அந்தப் பயம் காற்றில் முளைத்ததல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு மேக்புக் கொடுத்தது. அதிலிருந்த நிர்வாக மென்பொருளில் திருட்டுப் போனால் கண்டுபிடிக்க ஒரு வசதி. அது வெப்கேமில் படமெடுத்துச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் வழியே வீட்டில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு பள்ளி ஒரு மாணவனைக் கேள்வி கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. மாத்திரை என்று அவர்கள் சந்தேகப்பட்டது மிட்டாய் என்றான் அவன். விசாரணையில் 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. 2010 அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்து மாவட்டம் வழக்கைச் சமரசத்தில் முடித்தது.

ஐபேடின் எம்.டி.எம். அப்படிப்பட்டதல்ல. கேமராவை மூடச் சொல்லும் கட்டளை அதில் இருக்கிறது, திறந்து படமெடுக்கச் சொல்லும் கட்டளையே கிடையாது. நிர்வாகியின் திரையில் தெரிவது சீரியல் நம்பர், மாடல், மீதமுள்ள சேமிப்பு, ஏற்றிய செயலிகளின் பட்டியல் போன்றவை. உங்கள் புகைப்படமும் செய்திகளும் அவருக்குத் தெரியாது. இருப்பிடத்தைக்கூட, கருவியைத் தொலைந்த நிலைக்கு மாற்றினால்தான் கேட்க முடியும். அப்போது ஐபேட் பூட்டிக்கொள்ளும். ஆனால் கவனிக்க: நிறுவனம் இணையப் போக்குவரத்தைத் தன் வடிகட்டி வழியாகத் திருப்பிவிட முடியும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அந்த வடிகட்டிக்குத் தெரியும். தனிக் கண்காணிப்புச் செயலியை ஏற்றிவைத்தாலும் கதை மாறும். சொந்தக் கருவியில் அலுவலக மின்னஞ்சல் பார்ப்பவர்களுக்காக 2019-இல் ஐஓஎஸ் 13 உடன் வேறொரு வகைப் பதிவு வந்தது. அதில் அலுவலகத் தரவு தனிப் பகுதியில், தனிச் சாவியால் மறையாக்கப்பட்டு இருக்கும். பதிவை நீக்கினால் அந்தச் சாவி மட்டும் அழியும். உங்கள் பகுதியை நிறுவனத்தால் அழிக்கவே முடியாது. சொந்த ஐபேடில் இதைத் தாண்டி முழுக் கட்டுப்பாடு கேட்கும் அலுவலகத்திடம், தனிக் கருவி கொடுங்கள் என்று கேட்பதே நியாயம்.

இதே பூட்டு இப்போது பள்ளி, அலுவலகத்தைத் தாண்டித் தவணை வியாபாரத்துக்கும் வந்துவிட்டது. கென்யாவின் எம்-கோபா போன்ற நிறுவனங்கள் தவணையில் கொடுக்கும் போன், பணம் கட்டத் தவறினால் பூட்டிக்கொள்ளும், கட்டினால் திறக்கும். இந்தியாவிலும் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. கடைசித் தவணையைக் கட்டிய பிறகு கட்டுப்பாடு உண்மையிலேயே போய்விட்டதா என்று வாங்கியவர் சரிபார்க்க எளிய வழி எதுவும் அவர் கையில் கொடுக்கப்படுவதில்லை.

சிங்கப்பூர் ஏற்பாட்டில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அந்த ஆகஸ்ட் இரவை வைத்து அதை மறந்துவிடக் கூடாது. பள்ளி நேரம் முடிந்த பிறகு கட்டுப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம்: பள்ளி வைத்தபடியே விடலாம், தாமே மாற்றிக்கொள்ளலாம், முழுவதும் நிறுத்தியும் வைக்கலாம். மாணவர் படிப்பை முடித்து வெளியேறும்போது மென்பொருள் நீக்கப்பட்டுக் கருவி முழுக்க அவருடையதாகும். வெளியேறும் நாள் எது என்பது சேரும்போதே எழுதப்பட்டிருந்தது.

பழைய ஐபேட் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யலாம். முகப்புத் திரை வரை ஓடிக்கொண்டிருக்கும் ஐபேடை நம்ப வேண்டாம், அது தாண்டவைக்கப்பட்டதாக இருக்கலாம். எதிரிலேயே முழுதாக அழிக்கச் சொல்லி, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஹலோ முதல் கடைசித் திரை வரை பாருங்கள். நிறுவனப் பெயர் வந்தால் அதைக் குறித்துக்கொண்டு, விடுவித்துக் கொண்டுவரச் சொல்லலாம். பெயர் வராவிட்டாலும் நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்ல முடியாது. பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரில் இருந்தும், எந்த எம்.டி.எம். சர்வரோடும் இணைக்காமல் விட்ட கருவிகள் உண்டு. அவற்றில் இன்று எந்தத் திரையும் வராது. என்றைக்காவது அந்த நிறுவனத்தின் ஐ.டி. ஆள் பழைய பட்டியலை ஒழுங்குபடுத்த உட்கார்ந்து, எல்லாவற்றையும் புதுச் சர்வரோடு இணைத்துவிட்டால், நீங்கள் அடுத்தமுறை ஐபேடை அழித்து ஏற்றும்போது வரும்.